பத்முத் தீவுக்கு ஓர் ஆள்

வேளாங்கண்ணிக்குத் திருவிழாச் சமயத்தில் போகிறவர்கள் மாதாவைப் பார்ப்பதில்லை. முன்னால் நிற்கிறவனின் பிடரியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் என் மனைவி வியாகுலம்மாளும் ஒரு வருஷமும் அப்படிப் போனதில்லை. கொடி இறங்கி, கடைக்காரர்கள் கீற்றுப் பந்தலைப் பிரித்துக்கொண்டு கிளம்பி, ஊர் ஓய்ந்து கிடக்கும்போதுதான் போவோம். தங்குவதற்குத் தனி அறை கிடைக்கும். ஏற்றிய மெழுகுவத்தி கடைசிவரை எரியும். மணியடித்துக் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளைகூட உட்காரவைத்துப் பேசுவார். எந்த ஊரானாலும் அந்த ஊர் ஓய்ந்த மாதத்தில்தான் போகவேண்டும் என்பது என் கட்சி. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று ஐயா கேட்கக்கூடாது. முதலிலிருந்து எழுது என்று தாளைக் கொடுத்தது நீங்கள்தான். எனக்கு முதல் இதுதான்.

என் பெயர் சிலுவைமுத்து. துறைமுகத்தில் சிக்னல்காரன். கப்பலின் மேல்தட்டில், திறந்து கிடக்கும் கிடங்கின் விளிம்பில் நின்று கைகாட்டுவது என் வேலை. மூட்டைகளைத் தூக்கி இறக்கும் விஞ்சை ஓட்டுகிறவனுக்குக் கிடங்கின் அடி தெரியாது. கீழே மூட்டை அடுக்குகிறவர்களுக்கு விஞ்சு தெரியாது. நடுவில் என் கை. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. விரலைச் சுழற்றினால் தூக்கு. கையை மடக்கினால் அப்படியே நிறுத்து. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தால் வேலை முடிந்தது, கிடங்கை மூடலாம். எனக்கு விஞ்சு ஓட்டியவன் தண்டையார்பேட்டை சௌக்கத் அலி. பதினாலு வருஷம் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வேலை செய்தவன். அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கோதுமை வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கொண்டுவந்த கப்பல்களில் பல கிரேக்கர்களுடையவை. அதில் ஒன்றுக்கு மஞ்சள் புகைபோக்கி. நாங்கள் அதை மஞ்சக்கொண்டை என்போம். மழைக்காலத்தில் வந்து கோதுமையை இறக்கிவிட்டு, கடலைப் புண்ணாக்கை ஏற்றிக்கொண்டு தன் ஊர்ப்பக்கம் போகும். அந்தக் கப்பலின் மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவன் யானி. என் வயதுக்காரன். அவனுடைய இங்கிலீஷையும் என் இங்கிலீஷையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு வாக்கியம் தேறாது. ஆனால் இருவருமே கைகாட்டிப் பிழைக்கிறவர்கள். சாப்பாட்டு வேளையில் கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்து கையாலேயே பேசிக்கொள்வோம். ஒரு விஷயம்கூடத் தப்பாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

ஒருநாள் அவனுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். பத்மு என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அர்ச். அருளப்பரை நாடுகடத்திச் சிறைவைத்த தீவு. ராயபுரத்தில் சாமியார் பிரசங்கத்தில் கேட்ட பெயர். மோட்சம், உத்தரிக்கிற ஸ்தலம் மாதிரி அதுவும் கப்பல் போகாத இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யானிக்கோ அது அம்மா கோழி வளர்க்கிற இடம். அண்ணன் படகுப் பட்டறை வைத்திருக்கிற இடம்.

கோடையில் மட்டும் வந்துவிடாதே என்றான். வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்துவிடுவார்களாம். அவன் அம்மாவே கட்டிலை வாடகைக்கு விட்டுவிட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் முடங்கிக்கொள்வாள். அவள் எப்படி முடங்குவாள் என்று படுத்தே காட்டினான். குளிர்காலத்தில் வா, அறையெல்லாம் காலி என்றான். அப்போதுதான் தீவின் படகுகளைக் கரையேற்றி, பாசி சுரண்டி, இடுக்கு அடைத்து, வர்ணம் பூசுவார்கள். வாலிபர்கள் பட்டணத்துக்குப் போய்விடுவதால் அண்ணனுக்கு ஆள் கிடைப்பதில்லை. தாள் எங்கே, சீட்டு எங்கே என்று கேட்கிற ஒரே போலீஸ்காரனும் குளிர் வந்தால் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவான். நான் அவனுக்கு வேளாங்கண்ணியைச் சொன்னேன். புரிந்ததும் என் முதுகில் ஓங்கித் தட்டினான்.

அன்றைக்குத் தொடங்கியது திட்டம். அவன் வருகிற வருஷமெல்லாம் அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. மஞ்சக்கொண்டை போய் முதலில் நிற்பது பிரேயஸ் துறை. பக்கத்திலேயே ஏதென்ஸ் பட்டணம். அர்ச். சின்னப்பர் நின்று பிரசங்கம் செய்த ஊர். அங்கே ஒரு குன்று, குன்றின்மேல் கல்தூண்கள். கோடையில் ஏறினால் தொப்பிகளைத்தான் பார்க்கலாம். குளிர்காலத்தில் நீயும் பூனைகளும்தான். கையில் ரொட்டித் துண்டு இருந்தால் இறங்குகிறவரை கூடவே வரும் என்றான் யானி. அங்கிருந்து பத்முவுக்குப் படகு. காற்று சரியில்லாத நாளில் அதுவும் இல்லை. துறையடிக் காப்பிக்கடையில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம், எவனும் எழுந்திரு என்று சொல்லமாட்டான். தீவில் இறங்கினால் படிப்பாதை. பாதிவழியில் அருளப்பர் இருந்த குகை. அங்கே முழங்காலில் நின்று ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு, ஈஸ்டர்வரை பட்டறையில் வேலை செய்துவிட்டு, அதே கப்பலில் திரும்பி வருவது. நான் திரும்பி வருவதாகத்தான் இருந்தேன்.

நாற்பது வயதுக்குமேல் சங்கத்தில் நடந்த இரவு வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றதும் இதற்காகத்தான். மூர் மார்க்கெட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தேசப்படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் பத்மு ஈ உட்கார்ந்த அளவுதான் இருந்தது. விஞ்சில் சௌக்கத் அலிக்குப் பொழுது போக நான்தான் கிடைத்தேன். "கிரீஸுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போற நைனா? டப்பா நெறைய இங்கயே கீது, தடவிக்கினு படு" என்பான். வியாகுலம்மாள் கேலி செய்யவில்லை. "போயிட்டு வா. நான் இன்னா செத்தா பூடுவேன்" என்றாள். அழவும் இல்லை. எந்த வெள்ளைக்காரன் போட்டுக் கழித்ததோ, ஒரு கம்பளிக் கோட்டை மூர் மார்க்கெட்டில் பார்த்து வாங்கிவந்து, என் அளவுக்குப் பிரித்துத் தைத்து, ரசகற்பூரம் போட்டுப் பெட்டியில் வைத்தாள்.

இன்னாசியைப் பற்றி இப்போது எழுதவேண்டும். இன்னாசி வியாகுலம்மாளின் தம்பி. தாய் அவனைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடியபோது இவளுக்குப் பதினைந்து வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவனைத்தான் வளர்த்தோம். காசிமேட்டுக் கரையில் படகு பழுது பார்க்கிறவன். பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்துத் தட்டி ஏற்றி, மேலே கீல் பூசுவான். நல்ல பையன். சொன்னதைக் கேட்பான்.

போன வருஷம் ஐப்பசியில் மஞ்சக்கொண்டை வந்தது. இந்தக் குளிருக்கு நீ கிளம்பலாம் என்று யானி கைகாட்டினான். அந்தச் சந்தோஷத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவனைக் காசிமேட்டுக்கு நான்தான் அழைத்துப் போனேன். எங்கள் படகுகளை அவன் பார்க்கட்டும் என்று. அங்கே இன்னாசி ஒரு படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்து இடுக்கு அடைத்துக்கொண்டிருந்தான். யானி குனிந்து பார்த்தான். பிறகு அவனும் மணலில் மல்லாந்து, அடைத்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே போனான். எழுந்திருக்கும்போது இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டே எழுந்தான்.

கப்பலுக்குத் திரும்புகிற வழியில் யானி நின்றான். தன் நரைமுடியைத் தொட்டுக் காட்டினான். என்னைக் காட்டினான். உள்ளங்கையை மூடினான். பிறகு காசிமேட்டுப் பக்கம் விரலை நீட்டி, ஒரு விரலை மட்டும் நிமிர்த்தினான். அண்ணனுக்கு வேண்டியது ஓர் ஆள். அந்த ஆள் அவன். நீ வேறொரு வருஷம் விருந்தாளியாக வா. இதில் தப்பாகப் புரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

இன்னாசியிடம் நானே சொன்னேன். அவன் கீல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, அது உன்னுதாச்சே. எனக்கு வாணான்னு சொல்லிடு, நீ போ" என்றான். நான் பரவாயில்லை, நீ போ என்றேன். இரண்டாவது தடவை அவன் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசித்துப் பயன் இல்லை.

அன்று சாயங்காலம் வியாகுலம்மாள் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்தாள். இன்னாசி இன்னும் கரையிலிருந்து வரவில்லை. "அவன் உன்னவிட ரெண்டு வெரக்கடை ஒசரம். கொஞ்சம் நிமிந்து நில்லு" என்று என்மேல் போட்டு அளவு பார்த்தாள். நிமிர்ந்து நின்றேன். தோள்பட்டையில் குண்டூசி குத்தி, கைநீளத்தை இறக்கி, என்னைத் திருப்பித் திருப்பி நிறுத்தினாள். வாயில் ஊசியை வைத்துக்கொண்டே ஏதோ மாதா பாட்டை முனகினாள். நான் போவதாக இருந்தபோது அவள் பாடி நான் கேட்கவில்லை. திடீரென்று கோட்டோடு சேர்த்து என் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "கொயந்த குளுர் தாங்குவானா" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். அவ்வளவுதான். கப்பலேறிப் போன வாலிபன் எவன் திரும்பி வந்திருக்கிறான்? அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொள்வான். இவள் வாசலைப் பார்த்துக்கொண்டே நாளுக்கு நாள் தேய்வாள். உயிரோடு இருக்கிறவனுக்காகக் காத்திருப்பதுதான் கஷ்டம். போய்விட்டவனுக்காக ஒரு பூசை வைத்தால் மனம் ஆறிவிடும். என் மனைவிக்காகத்தான் இதைச் செய்தேன்.

யானி சொன்ன ஏற்பாடு இது. கடைசி நாள் இன்னாசி கூலிக்கூட்டத்தோடு கப்பலேறவேண்டும். வேலை முடிந்து எல்லாரும் இறங்கும்போது முன்பக்கத்தில் இருக்கும் பெயிண்ட் அறைக்குள் போய்விடவேண்டும். சாவி யானியிடம். கப்பல் நடுக்கடலுக்குப் போனதும் கேப்டனிடம் சொல்லிக்கொள்ளலாம். திட்டுவார், பிறகு வேலை கொடுத்துவிடுவார். இதை அவன் கையால் காட்ட, நான் இன்னாசிக்குத் தமிழில் சொன்னேன். பெயிண்ட் அறை என்பதற்குப் பதில் மூன்றாம் கிடங்கு என்று சொன்னேன். யானி காட்டியதும் நான் சொன்னதும் அந்த ஓர் இடத்தில்தான் வேறு. யானி பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

புண்ணாக்கில் பூச்சி விழும். அதனால் ஏற்றி முடித்த கிடங்கை இறுக்க மூடி, கப்பல் கிளம்புவதற்குள் உள்ளே மருந்துப் புகை விடுவார்கள். அதற்கென்று ஆட்கள் முகமூடியும் இரும்புக் குழாயுமாக வருவார்கள். மூச்சுள்ள ஒன்றும் அதற்குப் பிறகு உள்ளே மிஞ்சாது. துறைமுகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். கரையில் படகு தட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தில் எழுதியது இல்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. முன்னொரு காலத்தில் மூட்டைமேல் தூங்கிப்போன ஒருவனை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். அதிலிருந்து, மூடுவதற்கு முன்னால் சிக்னல்காரன் கிடங்குக்குள் குனிந்து மூன்று தடவை ஆள் கூப்பிடவேண்டும். ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் பொறுக்கவேண்டும். சௌக்கத் அலிகூட அந்த நேரத்தில் பீடியைக் கீழே வைத்துவிடுவான். மூன்றுக்கும் பதில் வராவிட்டால்தான் சிக்னல்காரன் கையைக் குறுக்கே வைக்கலாம்.

ஆகவே இன்னாசியிடம் சொல்லிவைத்தேன். "நான் மூணு தபா கூப்புடுவேன். எம்மாம் சத்தமா கூப்ட்டாலும் வாயத் தொறக்காத. தொறந்தா எறக்கி வுட்டுடுவாங்க. அப்பால பத்முவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உன் கொரலு கேட்டா எனுக்கு சிரிப்பு வந்துடுமே மாமா" என்றான்.

"துணிய கடிச்சிக்க" என்றேன்.

அன்று காலையிலிருந்து தூறல். நனைந்தால் சரக்கு கெட்டுவிடும் என்று மேஸ்திரி எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு வராத ஒருவனுக்குப் பதிலாக இன்னாசியைச் சேர்த்துவிட்டவன் நான். அந்தப் புழுக்கத்திலும் கோட்டை மூட்டைபோல் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். கடைசி வரிசை ஏறுகிறபோது கிடங்கின் மூலையில், மூட்டைக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் நான் விடச்சொல்லியிருந்த சந்துக்குள் போய்விட்டான். ஆட்கள் மேலே வந்தார்கள். மேஸ்திரி, புதுப் பையன் எங்கே என்றார். காய்ச்சல் என்று முன்னாலேயே போய்விட்டான் என்றேன். என் வார்த்தைக்கு எதிர்வார்த்தை அங்கே கிடையாது.

நான் குனிந்து கூப்பிட்டேன். முழுக்குரலில்தான் கூப்பிட்டேன். அருள்நிறை மந்திரம் சொன்னேன். இரண்டாவது தடவை கூப்பிட்டேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மூலையில் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது. அவன் துணியைக் கடித்துக்கொண்டு சிரித்திருப்பான் என்று நினைக்கிறேன். மந்திரத்தைக் கடைசிவரை, எங்கள் மரண நேரத்திலும் என்கிறவரை, ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன். வேறு சிக்னல்காரனாக இருந்தால் மழையில் அவசரப்பட்டிருப்பான்.

"எல்லாம் மேல வந்தாச்சா நைனா?" என்று சௌக்கத் அலி விஞ்சிலிருந்து கேட்டான். நான் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்.

பலகைகளைப் பரப்பினார்கள். தார்ப்பாய் போட்டு, ஓரத்தில் ஆப்பு அடித்தார்கள். பொழுது சாய மருந்துக்காரர்கள் வந்தார்கள். சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. அவர்கள் குழாயைத் திறந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பலகைக்கு அடியில் தட்டுகிற சத்தம். இடுக்கில் பஞ்சுத்திரி ஏற்றுகிறவன் தட்டுகிற மாதிரி, ஒரே சீராக. பிறகு சீர் தப்பியது. நான் தார்ப்பாயின்மேல் நின்றுகொண்டிருந்தேன். மழை ஒழுகுகிறதா என்று பார்க்கிறவன்போல் காலால் நீவிவிட்டேன். பக்கத்தில் வேறொரு விஞ்சு ஓடிக்கொண்டிருந்தது.

கப்பல் கிளம்பியபோது நான் துறைமேடையில் நின்றேன். யானி முன்பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கே உன் பையன் என்று கைவிரித்தான். பயந்துவிட்டான், வரவில்லை என்று காட்டினேன். நெற்றியில் அடித்துக்கொண்டான். அப்புறம், ஏணியைத் தூக்கியாகிவிட்டது, கப்பலுக்கும் துறைக்கும் நடுவில் தண்ணீர் அகன்றாகிவிட்டது, அப்போது என்னைக் காட்டி, தோளைக் குறுக்கிக் குளிர்கிற மாதிரி நடுங்கிக் காட்டி, கையால் பெரிய வட்டம் ஒன்று போட்டான். அடுத்த குளிருக்கு நீயே வா என்று அர்த்தம்.

வியாகுலம்மாளிடம் இன்னாசி போய்விட்டான் என்றேன். மற்ற கிரேக்கக் கப்பல்காரர்கள் சொன்னதாக அவ்வப்போது செய்தி கொண்டுவந்து கொடுத்தேன். ஏதென்ஸில் இறங்கிவிட்டான். குன்றுமேல் ஏறினான், பூனைகள் கூடவே வந்தனவாம். காற்று சரியில்லாமல் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தான், எவனும் எழுப்பவில்லை. குகையில் உனக்காக ஜெபமாலை சொன்னான். நான் போக வைத்திருந்த இடத்துக்கெல்லாம் அவனை அனுப்பினேன். ஒன்றைக்கூட எனக்கென்று நிறுத்திக்கொள்ளவில்லை. அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் பேச்சை அப்படிக் கேட்டது அப்போதுதான்.

பிறகு, புண்ணாக்கை இறக்கிய துறையில் அவனைக் கண்டெடுத்தார்கள். யானி முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லியிருக்கிறான். அந்தத் தகவல் ஊர் சுற்றி உங்களிடம் வந்து சேர ஆவணி ஆகிவிட்டது. அதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். பெயிண்ட் அறையைத்தான் நான் காட்டினேன், சிலுவைமுத்து பாஷை தெரியாமல் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டான், கிளம்பும்போது பையன் வரவில்லை என்று காட்டியதும் துறையில் நின்றவர்களை ஏய்க்கத்தான், அவன் நல்லவன் என்று யானி சொல்லியிருக்கிறான். நீங்களும் அப்படியே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தீர்கள். நான் தலையாட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன்.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யானி கையால் காட்டியதில் நான் ஒன்றைக்கூடத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. பதினாலு வருஷத்தில் என் கையால் ஒரு மூட்டை தவறி விழுந்ததில்லை. பெயிண்ட் அறைக்கும் கிடங்குக்கும் வித்தியாசம் தெரியாத சிக்னல்காரன் என்று ஊர் பேசக்கூடாது. எல்லாம் தெரிந்து, இன்னாசியை மூன்றாம் கிடங்கில் இருக்கச் சொல்லி, மருந்து வரும் என்று தெரிந்து, கையைக் குறுக்கே வைத்து மூடியவன் நான். வேறொருவருக்கும் இதில் பங்கில்லை.

வியாகுலம்மாளை இங்கே வரவழைத்தபோது அவள் என்னை ஏன் என்று கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீ கூப்ட்டது அவனுக்கு கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டுது. சொன்னத கேக்கற பையன்" என்றேன்.

அவள் போய்விட்டாள். அவளுக்காகத்தான் செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். கொஞ்ச நாளில் மனம் ஆறிவிடுவாள். ஐயாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள். என் வழக்கை இழுக்காமல் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள். மஞ்சக்கொண்டை இந்த ஐப்பசியிலும் வரும். யானி ஒன்றைச் சொன்னால் மாற்றமாட்டான். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் ஆள் கிடைப்பது கஷ்டம். அவன் அண்ணனுடைய பட்டறையில் அந்த ஓர் ஆள் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும்.